வரிசையில் நின்ற அத்தை

மாமாவை நான் முதலில் பார்த்தது பலசரக்குக் கடையின் காலண்டரில். தராசுக்கு மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காவித் துண்டு, நரைக்கத் தொடங்கிய தாடி, ஆசி சொல்லும் வலது கை. கைக்குக் கீழே ஒரு பாத்திரக் கடையின் விளம்பரம். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட கடைக்காரர், "அது ஆருன்னு தெரியுமா?" என்றார். தெரியாது என்று தலையசைத்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒங்க அத்தைக்க மாப்பிள்ளையாக்கும்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு தேன்மிட்டாயை எடுத்துத் தந்து, வீட்டில் போய்ச் சொல்லாதே என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார் என்ற பெருமையோடு நடமாடினேன். அந்தப் பெருமை வீட்டில் வேறு யாருக்கும் இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கடைக்கு எப்போதும் என்னையே அனுப்பும் அத்தை, ஏன் தான் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை என்பதும் அப்போது விளங்கவில்லை.

இன்று மாமா இல்லை. அவர் காலமானபோது ஊர்வலம் பார்க்க எங்கெங்கிருந்தோ வேன்களில் வந்தார்கள். பழைய பாடல்களுக்கு அவரைப்போல் பொருள் சொல்ல இனி யாரும் இல்லை என்று அறிஞர்கள் பேசினார்கள். சமாதியில் தினமும் விளக்கு எரிகிறது. அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம் ஒன்று அங்கே விற்கிறது. வாங்கிப் படித்தேன். குழந்தைப் பருவம், ஞாபக சக்தி, தமிழ்ப் புலமை, ஆசிரியர் வேலை எல்லாம் விரிவாக இருக்கின்றன. அதன் பிறகு, 'இல்லறம் துறந்து' என்று இரண்டு சொற்கள். அடுத்த வரியில் அவர் காசியில் இருக்கிறார். அந்த இரண்டு சொற்களுக்கும் காசிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் அத்தை ஒரு கட்டிலோடும் கொஞ்சம் பித்தளைப் பாத்திரங்களோடும் எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள்.

அத்தைக்கு அவர் வாய்த்தபோது எங்கள் ஊரே அவளை அதிர்ஷ்டக்காரி என்றதாம். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வாத்தியார். கோயில் கச்சேரிக்குப் போனால் பாட்டுக்காரரே எழுந்து வணக்கம் சொல்லும் அளவுக்குப் படிப்பு. பிள்ளை இல்லை என்பதைத் தவிரக் குறை எதுவும் இல்லாமல்தான் வாழ்ந்தார்கள். ஒரு கோடை விடுமுறையில், நாலு கோயில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் பையோடு இறங்கினார். அத்தை புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாள். பள்ளி திறந்தது, வாத்தியார் வரவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்யாமல் அத்தை ஒரு வருஷத்துக்கு மேல் தனியாக இருந்தாள். கடைசியில் அப்பாதான் வேன் பிடித்துப் போய்க் கூட்டிவந்தார். கட்டிலைப் பிரித்து, கால்களைக் கயிற்றால் கட்டி, நெல் அறையில் சாய்த்து வைத்தார்கள். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

எனக்குத் தெரிந்த அத்தை அதிகம் பேசாதவள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலி. காலையில் குளித்துவிட்டு வந்ததும் கண்ணாடி பார்க்காமலே பொட்டை நடு நெற்றியில் வைத்துவிடுவாள். ஒருநாளும் இம்மி விலகியதில்லை. விசேஷ வீடுகளுக்குப் போனால் முதல் ஆளாகப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்விடுவாள். வளைகாப்பில் சந்தனம் பூச வரிசையாகப் பெண்களைக் கூப்பிடும்போது, அவள் பெயரைச் சொல்லலாமா கூடாதா என்று யாரும் தடுமாறக்கூடாது அல்லவா? அதற்கு முன்பே அவள் அங்கிருந்து மறைந்திருப்பாள். ஊர் அவளை ஒதுக்கியது என்று சொல்ல முடியாது. ஊருக்கு அந்தச் சிரமத்தை அவள் கொடுக்கவில்லை.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது சித்தப்பாவுக்குப் பெண் அமைந்தது. சித்தப்பா அத்தைக்குத் தம்பி. பெற்றவர்கள் போன பிறகு, அத்தைக்குக் கல்யாணமாகிப் போகும்வரை அவள் இடுப்பில் வளர்ந்தவர். அவருடைய கல்யாணப் பேச்சு தொடங்கியதும் அத்தையின் நடையே மாறிவிட்டது. பரணிலிருந்து உருளிகளை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். நான் பார்க்க அவள் வாய்விட்டுப் பாடியது அந்த நாட்களில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டிலிருந்து கல்யாணக் காரியங்களைப் பேசி முடிக்க வந்திருந்தார்கள். மண்டபம், சமையல், மேளம் எல்லாம் பேசியாயிற்று. அத்தை காப்பித் தம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே நுழையும்போது, பெண்ணின் பெரியம்மா அப்பாவிடம் கேட்டார்:

"எல்லாம் சரிதான். தாலி கட்டும்போ விளக்கு ஆரு பிடிக்கா?"

மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போடும்போது, பின்னால் கைவிளக்கோடு நிற்பவள் அவன் கூடப்பிறந்தவள். மிச்ச முடிச்சுகளை அவள்தான் போடவேண்டும். அப்பா யோசிக்கவே இல்லை.

"தங்கச்சிதான். அவனுக்கு உடம்பொறந்தவ அவ ஒருத்திதானே."

"அது தெரியாதா அண்ணாச்சி. தப்பா நினைக்கப்பிடாது." அந்த அம்மாள் தன் சேலை முந்தானையைச் சுருட்டியபடி பேசினார். "சந்நியாசம் வாங்கச்சிலே தனக்குத்தானே கருமாதி செய்து முடிச்சிருவாவன்னு சொல்லுவாவல்லா? அப்பம்…"

அந்த 'அப்பம்' அங்கேயே நின்றுவிட்டது. மேற்கொண்டு யாரும் அதை நகர்த்தவில்லை.  அத்தை தட்டோடு வந்து அந்த அம்மாளுக்கு முதலில் நீட்டினாள்.

"குடியுங்க. ஆறிப்போவும்."

ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அவர்கள் போனதும் வீடு இரண்டுபட்டது. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அப்பா சத்தம் போட்டார். அக்கா விளக்குப் பிடிக்காமல் தாலி கட்டமாட்டேன் என்று சித்தப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அம்மா அடுப்படியில் நின்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "பெண்ணு நல்ல பெண்ணு. அவியளைச் சொல்லி என்ன செய்ய? ஒங்க தங்கச்சி சுமங்கலியா இல்லியான்னு நமக்கே தெரியாதுல்லா."

அப்பா திரும்பிப் பார்த்தார். அத்தை வாசலில் நின்றிருந்தாள்.

"ஏன் அண்ணா சண்டை போடுதே? கொஞ்சம் பொறு. நான் கேட்டுட்டுச் சொல்லுகேன்."

"ஆருட்ட கேக்கப் போறே?"

"கேக்கேன்."

ஏதோ சோசியரிடம் கேட்கப்போகிறாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நாகர்கோவில் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மாமா சொற்பொழிவுக்கு வருகிறார். அவர் வருகிற நாட்களில் எங்கள் வீட்டில் உள்ளூர் கேபிள் சேனலை யாரும் திருப்ப மாட்டார்கள். டவுனுக்குப் போகிற வேலைகளைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அத்தையும் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை, பார்க்கவேண்டும் என்று சொன்னதும் இல்லை. அதனால் அத்தை என்னைத் தொண்டை டாக்டரிடம் காட்டிவருகிறேன் என்று சொன்னபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்குத் தொண்டைச் சதை வளர்ந்து அடிக்கடி காய்ச்சல் வரும். பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பொய் சொல்வது அத்தைக்குப் பிடிக்காது. அதனால் உண்மையாகவே முதலில் டாக்டரிடம் போனோம். அவர் என் நாக்கை அமுக்கிப் பார்த்து, சிவப்பு மருந்து எழுதித் தந்தார். மருந்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அத்தை என்னைக் கூட்டிப்போனது வேறு ஒரு தெருவுக்கு. அங்கே ஒரு மாளிகை வீட்டின் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்றாக இரண்டு வரிசைகள் தெருமுனை வரை நீண்டிருந்தன. நெஞ்சில் பட்டை குத்திய தொண்டர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அமைதி, அமைதி" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்ச எதுக்கு அத்தை?"

"ஒருத்தரைக் காணணும். பேசாம வா மக்கா."

பந்தலின் முகப்பில் காலண்டரில் பார்த்த அதே படம், ஆளைவிடப் பெரிதாக.  மாமாவைப் பார்க்கப் போகிறோம்! நேராக உள்ளே போய், நாங்கள் யார் என்று சொன்னால் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்களே, எதற்காக இந்த வெயிலில் நிற்க வேண்டும் என்று அத்தையின் காதில் கேட்டேன். அத்தை, வரிசை குலையக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் மேற்கே ஏதோ ஊரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்தவர். பேச்சில் பாதி மலையாளம். அவருக்குப் பேசாமல் நிற்க முடியவில்லை.

"நிங்க ஆதியமா வாறியளா? நான் இது மூணாவது தடவை. சாமியை ஒருக்கா கண்டா மதி, மனசுல உள்ள வெசனம் எல்லாம் போவும்."

அத்தை சிரித்து வைத்தாள்.

"வலிய படிப்புள்ள ஆளாக்கும். பள்ளிக்கூடத்துல தமிழ் சாரா இருந்தது. கல்யாணமும் கழிச்சிருந்துது, கேட்டியளா. அவ ஒரு மாதிரியாம். எப்பளும் வழக்கும் சண்டையும். பொறுக்க ஒக்காமத்தான் சாமி வீட்டைவிட்டு எறங்கினது. ஒரு கணக்குல பாத்தா நாம அவளைக் கும்பிடணும். அவ நல்லவளா இருந்திருந்தா நமக்குச் சாமி கிட்டியிருக்குமா?"

அத்தையின் கை என் கையைப் பிடித்திருந்தது. வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கேட்டாள்:

"அவளை நீங்க கண்டிருக்கியளா?"

"நான் எங்க காண? இப்பம் உண்டோ இல்லியோ."

"உண்டாயிருக்கும்," என்றாள் அத்தை.

வெயில் ஏற ஏற வரிசை நகர்ந்தது. பந்தலுக்குள் போனதும் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. நான் எட்டி எட்டிப் பார்த்தேன். உயரமான நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். படத்தில் இருந்ததைவிட மெலிந்து, கன்னம் ஒட்டி இருந்தார். அவர் முன்னால் ஒரு பலகையில் இரண்டு வெள்ளித் தட்டுகள். ஒன்றில் குங்குமம், மற்றதில் திருநீறு. வருகிறவர் நெற்றியைப் பார்ப்பார். பொட்டு வைத்த பெண்களுக்குக் குங்குமம். ஆண்களுக்கும், வெறும் நெற்றியோடு வருகிற பெண்களுக்கும் திருநீறு. விரல் நுனியால் எடுத்து, கை படாமல் மேலிருந்து உள்ளங்கையில் போடுவார். சிலர் ஏதாவது கேட்டார்கள். அப்போது ஒரு பாட்டின் அடியைச் சொல்லி அவர் கொடுத்த விளக்கத்தைக் கேட்டுச் சுற்றியிருந்தவர்கள் வியந்து உச்சுக் கொட்டினார்கள். பழகிய சுமைதூக்கி நெல் மூட்டையை ஏற்றுவதுபோலக் கஷ்டமான விஷயங்களை அவர் அவ்வளவு சுலபமாகத் தூக்கிக் காட்டினார். எவ்வளவு பெரிய கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது.

எங்கள் முறை வந்தது. எங்களுக்கு முன்னால் போன அம்மாள் காலில் விழுந்து எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். அத்தை விழவில்லை. உள்ளங்கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

மாமாவின் விரல்கள் குங்குமத் தட்டுக்குள் போயிருந்தன. அவர் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் முகத்தைப் பார்த்தார். விரல்கள் அப்படியே நின்றன.

அத்தை தாழ்ந்த குரலில் பேசினாள். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"தம்பிக்குக் கல்யாணம். நான் விளக்குப் பிடிக்கணும். பிடிக்கலாமான்னு கேக்காவ. எனக்குச் சொல்லத் தெரியல்ல."

 சுற்றிலும் இருந்தவர்கள் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு தொண்டர் குனிந்து, "என்ன கேக்கணும்மா, சத்தமாச் சொல்லுங்க" என்றார். அத்தை திரும்பச் சொல்லவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

மாமா விரல்களைக் குங்குமத்திலிருந்து எடுத்தார். பக்கத்துத் தட்டிலிருந்து திருநீறு எடுத்து அத்தையின் உள்ளங்கையில் போட்டார். மற்றவர்களுக்குப் போட்டதுபோலக் குறி தப்பாமல் விழவில்லை. பாதி தரையில் சிந்தியது.

"நகருங்க, நகருங்க" என்றார் தொண்டர்.

அத்தை நகர்ந்தாள். பின்னால் நான் மாட்டிக்கொண்டேன். மாமா என்னைப் பார்த்தார். ஒரு தொண்டர் என் கையில் கல்கண்டு வைத்தார். இதுவரை மேடையில் பேசுகிற தமிழில் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெரிய மனிதர், எங்கள் தெருவில் யாரோ கேட்பதுபோல, "எத்தனாவது படிக்கே?" என்றார்.

"நாலு."

"நல்லாப் படி மக்கா."

"சரி மாமா," என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "சாமின்னு சொல்லணும் பாப்பா" என்று ஒருவர் என் தோளைத் தள்ளினார். மாமா கண்களை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் திறக்கவில்லை. வரிசை நின்றது. "பேசாதீங்க, சாமி நிஷ்டையில இருக்காவ" என்று கிசுகிசுத்தார்கள். எல்லோரும் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன்.

வெளியே வந்ததும் அத்தை எனக்கு ரோஸ் சர்பத் வாங்கித் தந்தாள். அவள் ஒன்றும் குடிக்கவில்லை. பஸ் நிலையத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு மூடிய கையைத் திறந்து பார்த்தாள். வியர்வையில் திருநீறு குழைந்து ஒட்டியிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். வெள்ளையில் லேசாகச் சிவப்பும் கலந்திருந்தது.

"அத்தை, இதுல ரெண்டும் இருக்கு!"

அத்தை அதை வெகுநேரம் பார்த்தாள்.

"அது அவரு விரல்ல ஒட்டியிருந்தது மக்கா. தந்தது இல்ல."

எங்கள் ஊருக்குப் போகும் பூதப்பாண்டி பஸ் வந்தது. டிக்கெட்டுக்குக் காசு எடுக்க அத்தை இடது கையால் பையைத் துழாவியதும், கண்டக்டர் முகம் சுளித்ததும் நினைவிருக்கிறது. வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்கள். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். நான் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக் குளித்தாள். திரும்பி வந்தபோது நெற்றியில் மூன்று விரலால் இழுத்த திருநீறு மட்டும் இருந்தது. கழுத்திலும் ஒன்றும் இல்லை. அம்மா முறத்தோடு எழுந்து நின்றாள்.

"என்ன இது? பொட்டு எங்க?"

"கேட்டுட்டு வந்துட்டேன் மைனி."

அம்மாவுக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தையைத் தொட வந்தாள். அத்தை, ஈரத் தலையோடு நிற்கிறேன், தொடவேண்டாம் என்றாள். இரவு அப்பாவும் அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவிடம் மட்டும் சொல்லவேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்டாள். சொன்னால் அவன் கல்யாணத்தை நிறுத்திவிடுவான் என்பது அவள் பயம். சித்தப்பாவுக்கு வெளியூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். வந்தபோதும் அத்தை தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் பற்றுப் போட்டிருப்பதாகச் சொல்லி முகமும் கழுத்தும் காட்டாமல் சமாளித்தாள். அக்காதான் விளக்குப் பிடிப்பாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

கல்யாண நாளன்று அத்தை மண்டபத்தின் சாமான் அறையில் உட்கார்ந்திருந்தாள். தேங்காய், வாழைப்பழம், தாம்பூலப் பைகள் எல்லாம் அவள் பொறுப்பு. வெளிர் நிறச் சேலை. சித்தப்பாவின் பெரியப்பா மகள் ஒருத்தி பட்டுச் சேலையும் கைவிளக்குமாக மணவறைக்குப் பின்னால் போய் நின்றாள். சித்தப்பா திரும்பிப் பார்த்தார். தாலியைக் கையில் வாங்கியவர் அதைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"அக்கா வரட்டும்."

மேளக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். அப்பா குனிந்து ஏதோ சொன்னார். சித்தப்பா தலையை ஆட்டவில்லை. "அக்கா வரட்டும்" என்று இன்னும் சத்தமாகச் சொன்னார். மண்டபம் முழுவதும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பெண்ணின் பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணப்பெண் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, அத்தை வந்தாள். மேடையில் ஏறவில்லை. படிக்குக் கீழேயே நின்றாள். சித்தப்பா அவள் நெற்றியைப் பார்த்தார்.

"என்னக்கா இது?"

"உக்காருல. நேரம் போவுது."

"நீ வந்து பிடி."

"நான் பிடிக்கப்பிடாதுல. கேட்டாச்சு."

"ஆருட்ட கேட்டே? ஊருக்காரனுவ சொன்னா ஆச்சா?"

"ஊருக்காரன் ஒருத்தரும் சொல்லல்ல. கேக்கவேண்டிய ஆளுட்டயே போய்க் கேட்டேன்." அத்தை தாலித் தட்டைக் கண்ணால் காட்டினாள். "அழப்பிடாது. நல்ல காரியத்துல உக்காந்துகிட்டு அழுவாவளா? கட்டு."

சித்தப்பா அழுதுகொண்டேதான் தாலி கட்டினார். கெட்டிமேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மிச்ச முடிச்சுகளை விளக்குப் பிடித்தவள் போட்டாள். அட்சதை விழுந்து முடியும்போது நான் திரும்பிப் பார்த்தேன். படிக்குக் கீழே அத்தை இல்லை.

மத்தியானம் புதுச் சித்தி கூட்டத்திலிருந்து விலகி, பட்டுச் சேலை தடுக்கத் தடுக்கச் சாமான் அறைக்கு வந்து அத்தையின் காலில் விழுந்தாள். அத்தை பின்னால் நகர்ந்து, "எழும்பு பிள்ளே, சேலை அழுக்காவும்" என்றாள். பிறகு ஒரு தேங்காயை எடுத்து அவள் மடியில் வைக்கப் போனவள், நினைத்துக்கொண்டதுபோல அதைத் தரையில் வைத்து, நீயே எடுத்துக்கொள் என்றாள்.

கல்யாணம் முடிந்து பள்ளிக்கூடம் போனபோது பேச்சுப் போட்டி வைத்தார்கள். பெரியோர்கள் என்பது தலைப்பு. பிள்ளைகள் புலவர்களையும் அரசர்களையும் நாட்டுக்காகச் சிறை போனவர்களையும் பற்றி மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். நான் மட்டும் நேரில் கண்ட ஒரு பெரியவரைப் பற்றிப் பேசினேன். அவர் முன்னால் எவ்வளவு பெரிய கூட்டம் நின்றது, கேட்டவர்களுக்கெல்லாம் எப்படிப் பதில் சொன்னார், என்னிடம் எப்படிப் பேசினார் என்று கைகளை ஆட்டிச் சொன்னேன். எனக்குத்தான் முதல் பரிசு. ஒரு சோப்புப் பெட்டி.

அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அத்தையிடம் காட்டினேன். அவள் கொல்லையில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்ன பேசினேன் என்று கேட்டாள். முழுவதும் பேசிக் காட்டினேன். முடித்ததும் அத்தை கேட்டாள்:

"கடைசில ஒனக்கிட்ட அவரு என்ன சொன்னாரு?"

"நல்லாப் படி மக்கான்னு சொன்னாரு."

"அப்பிடியேவா சொன்னாரு? எப்பிடிச் சொன்னாரு, சொல்லு பாப்போம்."

நான் தோளை அகற்றி நிமிர்ந்து உட்கார்ந்து, குரலைக் கனமாக்கி, மாமாவைப் போலவே சொல்லிக் காட்டினேன். அத்தை உளுந்தைப் பரப்பிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள்.

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். இன்னும் ஒருமுறை கேட்டாள். வெயில் சரிந்து அவள் முகம் நிழலில் இருந்தது. நான் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டில் ஒருவராவது என் பேச்சை இவ்வளவு ரசிக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.